அண்ணாச்சியின் விலைச் சீட்டும் உன் சனிக்கிழமை வகுப்பும்

எனக்குப் பின்னால் பிறந்து, எனக்கு முன்னால் போய்விட்ட தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு, அண்ணன் சேவியர் எழுதுவது.

பாப்பா, நாளை காலை எட்டரை மணிக்கு பள்ளிக்கூடத்தில் நீ சங்கேத எழுத்து சொல்லிக்கொடுத்த சனிக்கிழமை வகுப்பறையின் சாவியை ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், வகுப்பு முடிந்தது. அந்த அறைக்கு அபாகஸ் சொல்லித்தருகிற ஆட்கள் வரப்போகிறார்களாம். நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

நான் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புகிறவள் நீ. மற்றவர்கள் முழுசையும் தள்ளிவிடுவார்கள். இந்தக் கடிதத்தில் மட்டும் எதையும் தள்ளாதே. உன் அடக்கத்துக்கு வந்த கூட்டம் மாதா கோயிலிலிருந்து கடற்கரை வரைக்கும் நின்றது, லைட் ஹவுஸ் பக்கம் பஸ்ஸையே திருப்பிவிட்டார்கள். சரி, அதை வேண்டுமானால் தள்ளிக்கொள். மற்றதெல்லாம் உண்மை.

நீ போன மூன்றாம் வாரமே வகுப்பை மூடப் பார்த்தார்கள். உன் மேசையைக் காலி செய்யப் போனேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் நீ வெட்டி, நடுவில் ஆணி குத்திய எழுத்துச் சக்கரங்கள் ஒரு பை நிறைய இருந்தன. வெளி வட்டத்தில் நிஜ எழுத்து, உள் வட்டத்தில் கள்ள எழுத்து. நான் வேலை பார்க்கிற அண்ணாச்சியின் புடவைக் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஃபால்ஸ் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்துச் சுருட்டி வைத்திருந்தாய். சப்பாத்திக் கட்டையில் சுற்றி எழுதிப் பிரித்தால் எழுத்தெல்லாம் சிதறிப்போகும், அதே தடிமன் உள்ள கட்டை வைத்திருப்பவன் மட்டும் சுற்றிப் படிக்கலாம், அந்த விளையாட்டுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் உன் நோட்டு. அதைக் கையில் எடுத்தேன், பாப்பா. அப்புறம் கீழே வைக்க முடியவில்லை.

நேரே சிஸ்டரிடம் போனேன். "வகுப்ப நான் எடுக்கிறேன் சிஸ்டர்" என்றேன்.

"சேவியர் சார், சங்கேத எழுத்து, பூட்டு, சாவி இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? ஸ்டெல்லாவுக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நான்தான் சிஸ்டர். சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் ரகசிய பாஷையிலதான் பேசுவோம். ஒருதடவை போலீஸே வந்து விசாரிச்சுட்டுப் போச்சு."

போலீஸ் கொஞ்சம் அதிகம்தான். வாயை விட்டுப் போய்விட்டது. ஆனால் வருடக் கடைசி வரைக்கும் எடுக்கலாம் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் நோட்டில் இரண்டு பக்கத்தை நெட்டுரு போடுவேன். சனிக்கிழமை காலை அந்தப் பழைய காணிக்கைப் பெட்டியை மேசைமேல் நிறுத்தி, அதற்குப் பின்னால் நோட்டை விரித்துவைத்துக்கொள்வேன். கோயிலில் வேண்டாமென்று ஒதுக்கிய பெட்டியை நீ கேட்டு வாங்கினாயே, சாமியாருக்கு ஒரு பூட்டும் பங்குப் பேரவைக்கு ஒரு பூட்டும் போட இரண்டு கொண்டி வைத்த இரும்புப் பெட்டி, அதுதான். பதினாறு பிள்ளைகள். எட்டாவதும் ஒன்பதாவதும். போர்ச்சுக்கீசியக் கப்பலில் நானூறு வருடத்துக்கு முன்னால் வந்த பெட்டி இது, மாலுமி ஒருவன் இதற்குள் முத்து வைத்திருந்தான் என்று ஆரம்பித்தேன். முன் பெஞ்சில் இருந்த பவித்ரா எழுந்து வந்து பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பாரிமுனை இரும்புக் கடை ஒன்றின் முத்திரை.

"மாமா, போர்ச்சுகல்ல எங்க கீது பாரிமுனை?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். ஆனால் உன் பாடம் நடந்தது. அனுப்புகிறவன் கடலை மிட்டாயை உள்ளே வைத்துத் தன் பூட்டைப் போடுகிறான். வாங்குகிறவன் அதன்மேல் தன் பூட்டையும் போட்டுத் திருப்பி அனுப்புகிறான். முதல் ஆள் தன் பூட்டை மட்டும் கழற்றி மறுபடி அனுப்புகிறான். இரண்டாம் ஆள் தன் சாவியால் திறந்து மிட்டாயை எடுத்துக்கொள்கிறான். யாரும் யாருக்கும் சாவி கொடுக்கவில்லை, நடுவில் பெட்டியைத் தூக்கித் திரிந்த திருட்டுத் தபால்காரனுக்கு ஒரு கடலைகூட இல்லை. முதல் நாள் இரண்டு சாவியையும் மிட்டாயோடு உள்ளே வைத்துப் பூட்டியவன் நான். "இதுதான் பரீட்சை, திறங்க பாக்கலாம்" என்று சமாளித்தேன். பிள்ளைகள் கொண்டியின் திருகாணியைக் கழற்றித் திறந்துவிட்டார்கள்.

அப்படி ஐந்து மாதம் ஓட்டினேன். இனி வருவதுதான் விஷயம்.

அண்ணாச்சி கடை வழக்கம் உனக்குத் தெரியும், மற்றவர்களும் இதைப் படிக்கப்போவதால் சொல்கிறேன். தி. நகரில் பெரிய பெரிய கடைகளுக்கு நடுவில் பேரம் பேசி வாங்குகிற கடை எங்களுடையது. ஒவ்வொரு புடவையின் விலைச் சீட்டிலும் விற்கிற விலை எண்ணில் இருக்கும். அதன் கீழே, கடைக்கு அடங்கின விலை, அதாவது வாங்கின விலை, இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும். அதற்கு ஒரு ரகசிய வார்த்தை உண்டு. பத்து எழுத்து, ஒன்றுகூட இரண்டு தடவை வராது. முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, கடைசி எழுத்து சைபர். எவ்வளவு வரைக்கும் இறங்கலாம் என்று சேல்ஸ்மேனுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. நான் சேர்ந்த அன்று அவர் தம் முருகன் படத்துக்கு முன்னால் நின்றார், நான் என் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன், யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அந்த வார்த்தையைச் சொன்னார். இருபத்தாறு வருடம். என் பெண்டாட்டி பிலோமிக்குக்கூடத் தெரியாது.

வகுப்பில் ஒருநாள் பெருமைக்காக, "எங்க கடையிலயும் ஒரு ரகசிய வார்த்தை இருக்கு, தெரியுமா?" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் விடுவார்களா? "சொல்லுங்க மாமா, சொல்லுங்க மாமா" என்று பிடுங்கினார்கள். வாயில் வந்த ஏதோ ஒரு வார்த்தையைச் சொல்லித் தப்பித்தேன். பொய் வார்த்தை, பாப்பா. சத்தியத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்.

போன மாதம் பவித்ரா தன் அம்மாவோடு கடைக்கு வந்தாள். அவள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். என் வகுப்புப் பிள்ளை என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, ஊதா நிறத்தில் ஒரு புடவையை எடுத்துப் போட்டேன், சீட்டில் ரெண்டாயிரத்து இருநூறு. பவித்ரா சீட்டைப் பார்த்து அம்மா காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா கல்லாவைப் பார்த்து, "அண்ணாச்சி, ஆயிரத்து நூறுக்கு வாங்கினதுக்கு இவ்ளோ சொன்னா எப்படி? ஆயிரத்து முன்னூறு வெச்சுக்கோங்க" என்றார்.

அண்ணாச்சி எழுந்து வந்தார். இன்னொரு புடவையைப் பவித்ரா முன்னால் நீட்டினார். "இது எவ்வளவும்மா?"

"எண்ணூத்தி ஐம்பது" என்றாள், பரீட்சையில் பதில் சொல்கிற மாதிரி சந்தோஷமாக.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதிலாக அடித்திருக்கலாம்.

"நீரு சொல்லாம அந்தப் புள்ளைக்கு எப்படிவே தெரியும்?"

"சத்தியமா நான் சொல்லல அண்ணாச்சி."

"எந்த சத்தியம்வே? முருகனுக்கு முன்னால பண்ணுனீரே, அதா? நாளையில இருந்து வர வேண்டாம்."

பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி அண்ணாச்சி கடையிலிருந்துதான் போகிறது. அன்றைக்கே சிஸ்டருக்கு போன் போயிற்று. சிஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளைங்ககிட்ட கடை ரகசியத்தச் சொன்னீங்களா?"

"சொன்னேன் சிஸ்டர். ஆனா பொய்யான வார்த்தையத்தான் சொன்னேன்."

"அப்ப, பிள்ளைங்ககிட்ட பொய் சொன்னீங்க."

எந்தப் பக்கம் போனாலும் சுவர். வகுப்பு நிறுத்தம், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வீட்டுக்கு வந்தால் பிலோமி, "நீங்க சொல்லலைன்னா அந்தப் பொண்ணு காதுல வானத்துல இருந்து சம்மனசு வந்து ஓதிச்சா?" என்றாள். அறுபது வருடமாகக் கதை விட்டவன் முதல்தடவையாக உண்மையைச் சொன்னால் இப்படித்தான் ஆகும்போல. எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது. தூக்கத்தில் உளறியிருப்பேனோ? பவித்ராவைக் கூப்பிட்டு, நீ எப்படிக் கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. அவள் அம்மா பயந்துபோய், இனிமேல் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்.

கல்லறைக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நீ உயிரோடு இருந்தால் ஒரு நிமிஷத்தில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லியிருப்பாய். எனக்குத் தெரிந்த ஒரே வழி கெஞ்சுவது. கடைக்குப் போய்ப் படியிலேயே நின்றேன்.

"வார்த்தைய மாத்துங்க அண்ணாச்சி. எனக்குச் சொல்லாதீங்க. பிள்ளைங்கள வரச் சொல்றேன், சிஸ்டரும் வரட்டும். கண்டுபிடிச்சுட்டாங்கன்னா நான் யோக்கியன். இல்லைன்னா நானே சாவியக் குடுத்துட்டு இந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன்."

"அதெல்லாம் மாத்தியாச்சு. பதினாறு புள்ளையில்ல, பதினாறு பட்டாளம் வந்தாலும் ஒண்ணும் நடக்காது. கூட்டிட்டு வாரும்" என்றார்.

நேற்றுக் காலை பத்து மணி. மெத்தையில் வெள்ளைத் துணி விரித்து, இருபது புடவைகளை வரிசையாக வைத்து, அண்ணாச்சி தம் கையாலேயே புதுச் சீட்டு எழுதியிருந்தார். புது வார்த்தை எழுதின காகிதம் மடித்து அவர் சட்டைப் பையில். சிஸ்டருக்கு நாற்காலி. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். என்னை மட்டும் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது, சத்தம் மட்டும் அரைகுறையாக.

கால் மணி நேரம் போயிற்று. பிள்ளைகள் சீட்டுகளை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒருத்தரும் எழுதவில்லை. ஏனென்று அப்புறம்தான் தெரிந்தது, அண்ணாச்சி சீட்டில் எழுத்துகளை மட்டும் எழுதியிருந்தார், விற்கிற விலையைப் போடவில்லை. பவித்ரா ஒரு புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்தப் புடவை எனக்குத் தெரியும், பாப்பா. சாம்பல் நிறக் கைத்தறி, மாம்பழக் கரை. மூட்டையைப் பிரித்து அடுக்கியவன் நான். அடங்கின விலை எழுநூற்று ஐம்பது. உதட்டை லேசாக அசைத்தால் போதும், அவளுக்கு மூன்று எழுத்து கிடைத்துவிடும். மூன்று கிடைத்தால் மீதியைப் பிடித்துவிடுவாள். வகுப்பு பிழைக்கும், என் மானம் பிழைக்கும், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வாழ்க்கை முழுக்கத் தேவையில்லாமல் பேசிய வாய். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின்மேலேயே உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததால் ஆட்டோவும் தெரியவில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே அவள் குரல் உயர்ந்தது.

"அண்ணாச்சி, விக்கிற விலை எங்க? விலை போடாமலா கடை நடத்துவீங்க? கடையில இருக்கிற மாதிரியே வெச்சாத்தான் ஆட்டம்."

"அதுவும் நியாயந்தான்" என்று அண்ணாச்சி பேனாவை எடுத்தார். நியாயம் என்று சொல்லிவிட்டால் மனுஷன் உருகிவிடுவார். ஒவ்வொரு புடவையாகத் தொட்டுப் பார்த்து, யோசிக்காமல், விறுவிறுவென்று விலையைப் போட்டார். ஏழாவது சீட்டிலேயே பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இருபதாவது முடிவதற்குள் பவித்ரா ஒரு தாளை அவரிடம் நீட்டினாள்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். டீக்கடை பெஞ்சிலிருந்து நான் எழுந்து கடைப் படிக்கு வந்துவிட்டேன்.

"யாரும்மா சொன்னது?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"நானா?"

"வாங்கின விலையை ரெண்டால பெருக்கித்தான் எப்பவும் விலை போடுறீங்க. வார்த்தைய மாத்துனீங்க, பெருக்குறத மாத்தலியே. அன்னிக்கு அந்த ஊதாப் புடவையில முதல் ரெண்டும் ஒரே எழுத்து, கடைசி ரெண்டும் ஒரே எழுத்து. ரெண்டாயிரத்து இருநூறுல பாதி ஆயிரத்து நூறு. அப்படியே ஒட்டிக்கிச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ துணி பாக்க வந்தப்பவே எல்லாச் சீட்டையும் நோட்ல எழுதிக்கினேன்."

"அப்ப சேவியரு சொன்ன வார்த்தை?"

"அது டூப்பு அண்ணாச்சி. வெச்சுப் பாத்தோம், ஒண்ணுமே தேறல. எழுத்தப் பாக்காதீங்க, எழுதின ஆளப் பாருங்கன்னு ஸ்டெல்லா மிஸ் சொல்லியிருக்காங்க. அதான் உங்களப் பாத்தோம்."

இருபத்தாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் இரண்டால் பெருக்குகிறார் என்பது எனக்குத் தெரியாது. அண்ணாச்சி இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "உள்ள வாரும் சேவியரு. டீ குடிச்சீரா?" என்றார். அவர் அகராதியில் அதுதான் மன்னிப்பு.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. சிஸ்டர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "ரொம்ப அழகா செஞ்சாங்க. இந்த முறைய வகுப்புல நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா, சார்?"

'ஆமாம்' என்பது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொல்லியிருந்தால் வகுப்பு நம்முடையது. ஆனால் அது உன்னுடையது, பாப்பா. உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று ஏற்கெனவே ஒருதடவை உன்னிடமிருந்து பிடுங்கினேன். நீ செத்துப்போன மூன்றாம் வாரத்தில். இரண்டாம் தடவை பிடுங்க நாக்கு எழவில்லை.

"இல்ல சிஸ்டர். எனக்கு ஒண்ணும் தெரியாது. ஏழாவதோட நின்னவன். அவ நோட்டப் பாத்துத்தான் வாசிக்கிறேன். அவளுக்கு நான் சொல்லிக் குடுத்தேன்னு சொன்னது பொய். எல்லாம் ஸ்டெல்லாவோடது."

பதினாறு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெத்தையில் கிடந்த புடவையை மடித்தேன்.

"உண்மையச் சொன்னீங்க, சந்தோஷம்" என்றார் சிஸ்டர். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "ஆனா தெரியாத ஒருத்தர் கையில பிள்ளைங்கள எப்படி விடுறது? பெத்தவங்க கேட்டா நான் என்ன சொல்ல? திங்கக்கிழமை காலைல சாவியக் குடுத்துடுங்க சார்."

பார், பொய்க்காரன் என்று நினைத்தபோது வகுப்பு ஊசலாடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னதும் போயே போய்விட்டது. இது என்ன கணக்கு? நீதான் கணக்கு வாத்தியார், நீ சொல்லு.

மயிலாப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் பவித்ரா என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"எது?"

"பெட்டிக்குப் பின்னாடி நீங்க நோட்டப் புரட்டுறது. சத்தம் கேக்கும்ல."

"அப்புறம் எதுக்குடி வாராவாரம் வந்தீங்க?"

"மிஸ் பேசுற மாதிரியே வருமே மாமா, அந்த நோட்டுல இருக்கிறது. நீங்க சேக்குறத மட்டும் கழிச்சுடுவோம்."

பாப்பா, நான் லஸ் கார்னரில் இறங்க வேண்டியவன், இறங்கவில்லை. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் அங்கே நின்றுகொண்டிருந்தேன். உன் குரல் இன்னும் அந்த அறையில் இருந்திருக்கிறது. பதினாறு பேர் கேட்டிருக்கிறார்கள். நான்தான் குறுக்கே சத்தம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். நாளைக்குச் சாவி போய்விட்டால் அதை வேறு எங்கே போய்க் கேட்பேன்? நோட்டில் இன்னும் பத்தொன்பது பக்கம் பாக்கி இருக்கிறது. இரண்டு வண்ணத்தைக் கலந்தால் மறுபடி பிரிக்க முடியாது, அதை வைத்தே ரகசியம் செய்யலாம் என்று ஏதோ எழுதியிருக்கிறாய். பத்துத் தடவை படித்தேன், ஒரு வரி விளங்கவில்லை. யாரிடம் கேட்பேன்?

இதைச் சாயங்காலப் பூசைக்கு முன்னால் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். சிஸ்டர் அந்த வழியாகத்தான் வருவார். நின்று படித்தால் படிக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை எட்டரைக்கு அவர் கதவருகே நிற்பேன். "நான் வாத்தியார் இல்லை சிஸ்டர். கதவைத் திறந்துவிடுகிறேன், பெட்டியைத் தூக்கி வைக்கிறேன், நோட்டைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்கிறேன். பத்தொன்பது பக்கம் மட்டும் முடிக்க விடுங்கள்." இவ்வளவுதான் சொல்வேன். முடியாது என்றால் சாவியை மேசையில் வைத்துவிட்டு வருவேன். மறுநாள் எட்டரைக்குத் திரும்பப் போய் இதையே சொல்வேன். அதற்கு மறுநாளும் போவேன். ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன், ஸ்டெல்லா.

இப்படிக்கு,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தேன் என்பதைத் தவிரப் பெருமை பேச வேறொன்றும் இல்லாத அண்ணன்,
சேவியர்